கொடிமேடை வைத்திலிங்கமும் காதறுந்த ஓங்கலும்

வைத்திலிங்கத்துக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால்தான் அதை அவ்வளவு பார்த்தார். காடாம்புலியூர் முந்திரித் தோப்புகளில் மாடு மேய்த்து வளர்ந்தவருக்கு, யாருடைய சிபாரிசிலோ கடலூர் துறைமுகத்தில் கொடிமேடைக் காவல் வேலை கிடைத்தது. தொலைநோக்கியில் பார்த்து, வருகிற கப்பலைக் கீழே ஆபீசில் சொல்ல வேண்டும். கப்பல் வாரத்துக்கு ஒன்று வந்தால் அதிசயம். மிச்ச நேரம் கண் சும்மா இருக்குமா?

கண்ணில் பட்டவை ஓங்கல்கள். டால்ஃபினுக்குக் கரையோரத்தில் அதுதான் பேர். மீனவர்கள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். வலையைக் கிழித்தால் மட்டும் வைவார்கள். வைத்திலிங்கத்துக்கு அது ஒரு மந்தை. காதைப் பார்த்து மாட்டை அடையாளம் சொல்வதுபோல இங்கே முதுகுத் துடுப்பைப் பார்த்தார். ஒன்றுக்கு நுனி மழுங்கல், ஒன்றுக்கு வெள்ளைக் கீறல். முன்னால் போகிற பெரியதற்குத் துடுப்பின் நடுவே ஒரு துண்டே காணோம். மந்தைக்கு முன்னால் போவது காளையாகத்தானே இருக்கும்? 'காதறுந்தான்' என்று பேர் வைத்தார். மொத்தம் ஏழு உருப்படி. ஐப்பசி மழையில் காணாமல் போகும். தை பிறந்தால் அதே ஏழும் தெற்கிலிருந்து வரும். நடுவில் எங்கே போகின்றன, யார் வழி சொல்வது? மூன்று வருஷமாக அவருக்கு இதே யோசனை.

"கடல்ல மாடு மேய்க்கவா என்னைக் கடலூரு செம்மண்டலத்துக்குக் கூட்டியாந்தீங்க?" என்று மனைவி கொளஞ்சியம்மாள் சிரிப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் யுத்தம் உச்சத்தில் இருந்தது; ஜப்பான் நீர்மூழ்கி வருமென்று கரையெல்லாம் பயம். துறைமுக அதிகாரி கனகசபேசன் சிதம்பரத்துக்காரர். அவர் கோபம் படியேறாமலே மேடைக்கு வந்து சேரும்.

"ஓங்கல் கதையெல்லாம் இனிமே வேணாம்யா. கறுப்பா எது தெரிஞ்சாலும் சொல்லு, அபாயச் சங்கு ஊதணும். தப்பாச் சொன்னா வேலை போயிடும்."

மாசியில் ஒருநாள் காலை, இரண்டு மைல் தள்ளிக் கறுப்பாக ஒன்று தெரிந்தது. முங்கியது, எழுந்தது; இடத்தை விட்டு மட்டும் நகரவில்லை. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வைத்திலிங்கம் கீழே இறங்கிச் சொன்னார். கனகசபேசன் எழுந்தே விட்டார்.

"நீர்மூழ்கியா?"

"இல்ல சார். காதறுந்தான்."

"ஓங்கல் ஒரே எடத்துல நிக்குமா?"

"நிக்காது சார். ஏன் நிக்குதுன்னு எனக்கும் புரியல."

"புரியாமயே எப்படிய்யா அடிச்சுச் சொல்ற?"

"துடுப்பு தெரியுது சார். சங்கு ஊதினா ஊரே பயந்து பண்ருட்டிப் பக்கம் ஓடும். போன வருஷம் பாத்தோமே. நான் சொன்னது தப்புன்னா வேலைய விட்டுப் போயிடறேன்."

சொல்லிவிட்டாரே தவிர, இந்த வேலை போனால் திரும்பிப் போக ஊரில் ஒரு மாடுகூட இல்லை. கனகசபேசன் சங்கை நிறுத்திவைத்துப் படகை அனுப்பினார்.

உச்சிப்பொழுதில் படகோட்டி சடையப்பன் திரும்பி வந்தார். "ஓங்கல்தான் சாமி. ஆனா காதறுந்தானாம்! அது தாய்க்காரிய்யா. செத்துப்போன குட்டிய மூக்கால தண்ணிக்கு மேல தூக்கித் தூக்கி விடுது. கிட்டப் போனா மத்ததெல்லாம் குறுக்க வந்து மறிக்குது."

வேலை பிழைத்தது. வைத்திலிங்கத்துக்கு அந்த நிம்மதி தங்கவில்லை, வெட்கமாக இருந்தது. மூன்று வருஷம் பார்த்தும் அது பெண் என்று தெரியவில்லை. கன்று செத்த பசு அந்த இடத்தை விட்டு நகராது என்று தெரிந்தவர்தானே அவர்!

கனகசபேசன் முதல்முறையாக மேடையேறினார். தொலைநோக்கியில் வைத்த கண்ணை அரைமணி நேரம் எடுக்கவில்லை.

"எத்தனை நாள் இப்படித் தூக்கிக்கிட்டிருக்கும்?"

"தெரியாது சார்."

"பாத்துச் சொல்லு."

மூன்றாம் நாள் பிற்பகல் வைத்திலிங்கம் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"விட்டுடுச்சு சார்."

"மத்ததுங்க?"

"ஆறும் நகரல சார். அது தானா திரும்புற வரைக்கும் சுத்தியே நின்னுதுங்க. அப்புறம் அத நடுவுல வச்சுக் கூட்டிக்கிட்டுத் தெக்கால போச்சுங்க."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு அழுகை வந்துவிட்டது. கனகசபேசன் எழுந்து, தம் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார்.