வேங்கை மரத்தில் மாவிலை

நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாக வரும், பாதி மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். மரம் வளர்க்கிற வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் படிக்கட்டும் என்று கேட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

விமானத்துக்கு இன்ஜின் செய்கிற வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று. தன்னால் எவ்வளவு புகை என்று வருஷா வருஷம் கணக்குக் காட்ட வேண்டுமாம். குறைப்பதாக ஊருக்கெல்லாம் வாக்கும் கொடுத்திருக்கிறதாம். குறைக்க முடியாததற்கு ஈடாக எங்கள் மலைச் சரிவில் வேங்கை மரம் வைத்தது. தண்ணீர் ஊற்றுவதும் ஆடு கடிக்காமல் பார்ப்பதும் எங்கள் வேலை.

"அவன் மேல பொகை வுட்டுக்கினு போவான், நாம கீழ கொடம் தூக்கணுமா?" என்பாள் மல்லிகா. என்னோடு வேலை செய்கிறவள். அவள் வாய்க்குப் பூட்டு இல்லை. எனக்கு நாலு பேர் முன்னால் நாக்கே எழாது.

ஒரு பங்குனியில் எங்கள் ஆபீசர் ராஜசேகர் சார் ஓடிவந்தார். கீழ்நாட்டுக்காரர், மலையில் அவருக்கு அது முதல் கோடை.

"நாளைக்கு ஆடிட் மேடம் வர்றாங்க. எந்த மரம் உசுரோட கீதுன்னு பாத்து எழுதுவாங்க. செத்துப்போச்சுன்னு எழுதிட்டா கம்பெனி கைய கழுவிடும். உங்க வேலையும் போச்சு, என் வேலையும் போச்சு."

சொல்லிவிட்டுச் சரிவைப் பார்த்தார். இலை கொட்டி, வேங்கையெல்லாம் குச்சி குச்சியாக நின்றது.

"இன்னாம்மா இது, சுடுகாடு மாரி கீது!"

"வருஷா வருஷம் கொட்றதுதான் சார். தானா துளுக்கும்" என்றாள் மல்லிகா.

"நாளைக்குள்ள துளுக்குமா?"

"அதுக்கு இன்னா பண்றது? வேணும்னா மாவிலை கட்டி வுடறோம், கல்யாண வூடு மாரி."

அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். சார் அதையே பிடித்துக்கொண்டார்.

விடியும்போதே மாவிலைக் கொத்தும் புங்கன் கொத்தும் ஒடித்துவந்து, வாழை நாரால் மரத்துக்கு மரம் கட்டினோம். சரிவே பச்சையாகிவிட்டது. சார் என்னை ஒரு மரத்தருகே நிறுத்திப் போட்டோ எடுத்தார். நான் மரத்துக்குப் பின்னால் பாதி ஒளிந்துகொண்டேன்.

மேடம் காலையிலேயே வந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. வழியில் புதூர்நாட்டுக்கு மேலே ஏற்றத்தில் ஜீப் நின்றுபோய், உச்சி வெயிலில்தான் வந்து சேர்ந்தார். அதற்குள் கட்டின இலையெல்லாம் துவண்டு தொங்கிவிட்டது. நேற்று வெறும் குச்சியாக இருந்த மரம், இன்று நிஜமாகவே செத்த மாதிரி இருந்தது.

"அடடா, எல்லாம் வாடிப்போச்சே! தண்ணியே ஊத்தலையா?" என்றபடி மேடம் பேனாவைத் திறந்தார்.

நான் பக்கத்து மரத்து நாரைப் பிடித்து இழுத்தேன். கொத்து கையோடு வந்தது.

மேடம் கொத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது மாவிலை இல்ல?"

"வரவேற்புத் தோரணம் மேடம்" என்றார் சார்.

"இவ்ளோ மரத்துலயா? நான் ஒருத்திதானே வந்தேன்?"

மல்லிகா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மேடம் குனிந்து பட்டையை நகத்தால் சுரண்டினார். உள்ளே பச்சை. சிரித்துவிட்டார். "இத மொதல்லயே காட்டியிருந்தா பத்து மரம் பாத்துட்டுப் போயிருப்பேன். இப்ப எதையும் நம்ப முடியாது. எல்லாத்தையும் அவுருங்க."

பொழுது சாயும் வரை நாங்கள் அவிழ்க்க, அவர் சுரண்டினார். நடுவில், தான் விமானத்தில் வந்ததால் உண்டான புகையையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும் என்றார்.

"அப்ப உங்களுக்கும் ஒரு குழி வெட்டவாம்மா?" என்றாள் மல்லிகா. சார் இருமினார். மரம் நடுகிற குழி என்று மேடத்துக்குப் புரிந்திருக்கும்.

செத்ததைச் செத்தது என்றும், மற்றதெல்லாம் உயிரோடு என்றும் எழுதினார். வேலை நிலைத்தது.

பெண்களே, குச்சியாக நிற்கிற மரத்தைக் குச்சியாகவே காட்டுங்கள். சுரண்டிப் பார்க்கத் தெரிந்தவர்கள் வருவார்கள்.

பிறகு கம்பெனி தன் புகைக் கணக்கைப் பெரிய புத்தகமாகப் போட்டது. வழவழப்பான தாளில் நான், பாதி முகத்தோடு. பக்கத்தில் வேங்கை, மாவிலையோடு. அந்தப் போட்டோவை யார் அனுப்பினார்கள் என்று கேட்டால் சாருக்கு ஞாபகம் இல்லையாம். கீழே இங்கிலீஷில் இரண்டு வரி இருக்கிறது. தெரிந்தவர்கள் யாராவது படித்துச் சரிபார்க்க வேண்டும். மாமரம் என்று போட்டிருந்தால் வேங்கை என்று திருத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவை வருகிறவர் மாம்பழம் கேட்பார்.