நிழல் திரும்பிய வெள்ளிக்கிழமை

எங்கள் பள்ளியில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் வேலை கூடுவது ஒரே ஒருவருக்குத்தான். எந்த ஆசிரியர் வரவில்லையோ அவருடைய வகுப்புக்கு இந்த ஒருவர் போக வேண்டும். எந்த வகுப்பு, எத்தனையாவது பாடவேளை என்று காலையில் சின்னச் சீட்டில் எழுதி நீட்டுவது என் வேலை. வாங்கிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. அதனால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சீட்டு டீச்சர். ஆசிரியர் அறையிலும் அதுவே நிலைத்துவிட்டது. பதினைந்து வருடம் அந்தச் சீட்டை எழுதியவள் நான். கணக்கு டீச்சர், கால அட்டவணை போடுகிறவள், வாய் கொஞ்சம் நீளம்.

அடுத்தவர் வகுப்புக்குப் போனால் நாங்களெல்லாம் என்ன செய்வோம் என்பதை மறைப்பதற்கில்லை. "சத்தம் போடாம எதையாவது படிங்க" என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்துவோம். சீட்டு டீச்சர் அப்படி ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. வரலாற்று வகுப்பென்றால், முந்தின நாள் மைதானத்தில் பந்துக்காக நடந்த அடிதடியைப் பார்த்த ஆறு பேரைத் தனித்தனியாக எழுதச் சொல்வார். ஆறையும் வாசித்தால் ஆறு சண்டை நடந்திருக்கும். எதை நம்புவது, ஏன் நம்புவது என்று வகுப்பே மண்டையை உடைத்துக்கொள்ளும். புவியியல் என்றால், வகுப்பிலிருந்து தண்ணீர்க் குழாய்வரை வரைபடம் போட வேண்டும். பக்கத்து பெஞ்சுக்காரர் போட்ட படத்தைப் பார்த்துத்தான் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும். அப்படிப் போன மூன்று பேர் தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்தது தனிக் கதை. மொழி வகுப்பில், பையில் இருக்கும் ஒரு பொருளை அதன் பெயரைச் சொல்லாமல் நாலு வரியில் எழுத வேண்டும். கேட்பவர்கள் கண்டுபிடிக்காவிட்டால் எழுதியவர் தோற்றார்.

என் வகுப்பிலும் ஒருமுறை கைவைத்தார். வளையல், டப்பா மூடி, வாளி என்று எல்லாவற்றையும் நூலால் சுற்றி அளந்து, குறுக்களவால் வகுக்கச் சொல்லியிருக்கிறார். மறுநாள் நான் போனதும் பிள்ளைகள் என்னை மொய்த்துக்கொண்டு, எதை அளந்தாலும் மூன்று சொச்சமே வருகிறதே, ஏன் என்று கேட்டார்கள். அந்தப் பாடத்தை நான் இரண்டு வாரமாகத் தொண்டை வற்ற நடத்திக்கொண்டிருந்தேன். ஒருவர்கூட ஏன் என்று கேட்டதில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. வேறு பெயர் சொல்லி மழுப்ப விரும்பவில்லை.

அவருடைய பாடங்களுக்கெல்லாம் ஒரே விதி. முப்பத்தைந்து நிமிடத்தில், மணி அடிப்பதற்குள் முடிந்துவிட வேண்டும். ஏன் இப்படி என்று போகிற போக்கில் ஒருநாள் கேட்டேன். "நாளைக்கு நான் வர மாட்டேனே டீச்சர். பாதியில விட்டா பிள்ளைங்க யார்கிட்ட போய்க் கேக்கும்?" என்றார்.

ஒரு தடவை அவரே காய்ச்சலில் படுத்தார். சம்பள உயர்வுப் படிவத்தில் கையெழுத்து வாங்க நான் அவர் வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒற்றை அறை. ஒரு தட்டு, ஒரு டம்ளர், சுவரோடு சுவராக ஒரு கட்டில். ஜன்னல் ஓரம் நூல்கண்டு, துணித்துண்டுகள், மூடிகள். கீழ் வீட்டு அம்மா என்னை மாடிப்படியில் மறித்து, மேலே சாயங்காலமானால் யார் வந்து பேசுகிறார்கள் என்று விசாரித்தார். கேள்வி ஒரு குரலில் வருகிறதாம், பதில் நாலைந்து குரலில் வருகிறதாம். எனக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் பாடத்தைக் கடிகாரம் வைத்து ஒத்திகை பார்த்திருக்கிறார். தானே கேள்வி கேட்டு, பிள்ளைகள் சொல்லக்கூடிய பதில்களையும் தானே சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வெளியூர் அக்காவோடு பத்து நிமிடம் ஃபோன் பேச்சு. அது போக அந்த அறையில் வேறு குரல் கிடையாது. ஆசிரியர் அறையில் இதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். நானும் சிரித்தேன்.

பதினோராவது வருடம் ஆறாம் வகுப்பு 'பி' பிரிவின் வகுப்பாசிரியை பிரசவ விடுப்பில் போனார். ஐந்து மாதம். வேறு வழியில்லாமல் தலைமையாசிரியர் அந்த வகுப்பைச் சீட்டு டீச்சரிடம் ஒப்படைத்தார். சேதி சொன்னதும் அவர்  "அப்ப நாளைக்கும் நானேதானா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வகுப்பில்தான் அவர் தன் விதியை முதல்முறையாக மீறினார். மைதானத்து ஓரத்தில் வலை கட்டுகிற இரும்புக் கம்பம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் ஐந்தாம் பாடவேளையில், சரியாகப் பன்னிரண்டு பத்துக்கு, அந்தக் கம்பத்தின் நிழல் முடியும் இடத்தில் வெள்ளையடித்த கல் ஒன்றைப் பதிக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம். முடிய மாதக்கணக்காகும். வாராவாரம் நிழல் நீண்டுகொண்டே போனது. அளந்து வரைபடத்தாளில் குறித்தார்கள், கணக்கு ஆயிற்று. ஏன் நீளுகிறது என்று சண்டை போட்டார்கள், அறிவியல் ஆயிற்று. நாட்காட்டி இல்லாத காலத்தில் ஆட்கள் நாளை எப்படி அறிந்தார்கள் என்று அவர் கேட்டார். அன்றன்றைக்குப் பார்த்ததை ஒரு பொது நோட்டில் ஆளுக்கு ஒரு வாரம் எழுதினார்கள். நிழல் ஒருநாள் நீளுவதை நிறுத்தித் திரும்பும். எந்த வெள்ளிக்கிழமை என்று புத்தகத்தில் பார்க்காமல் ஊகிக்க வேண்டும் என்றார். நாற்பது பேரும் பந்தயம் கட்டினார்கள். மைதானத்தில் விளையாடும் பெரிய பையன்கள் கல்லைத் தட்டிவிடாமல் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தார்கள்.

நிழல் திரும்புவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது வகுப்பாசிரியை விடுப்பு முடிந்து வந்துவிட்டார். சீட்டு டீச்சர் பழையபடி சீட்டுக்கு வந்தார். கறிவேப்பிலையை எடுத்து இலை ஓரத்தில் வைக்கிறோமே, அதுபோலத்தான். வகுப்பாசிரியை நல்லவர்தான். வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் நீங்களே வந்து கூட்டிக்கொண்டு போங்கள், எனக்கு அந்தக் கல் விவகாரம் புரியவில்லை என்று சொல்லிவிட்டார். ஆக, அந்த ஒரு பாடவேளை அவர் கையில் சீட்டு இருக்கக் கூடாது. அவ்வளவே தேவை.

என்னிடம் வந்தார். பதினோரு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே காரியம் அது.

"வெள்ளிக்கிழமை அஞ்சாவது பீரியட் மட்டும் எனக்குச் சீட்டு போடாதீங்க டீச்சர். மூணே மூணு வாரம். அது திரும்புறத நான் பிள்ளைங்களோட நின்னு பாக்கணும்."

இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா, தாராளமாகப் போங்கள் என்று சொல்லி அனுப்பினேன். முதல் வெள்ளி போனார். இரண்டாம் வெள்ளியும் போனார். அன்று நிழல் முந்தின கல்லைத் தாண்டி ஒரே ஒரு விரல்தான் நகர்ந்ததாம். அடுத்த வாரம்தான் கடைசிக் கல் என்று வகுப்பு முழுக்க ஒரே பரபரப்பு.

மூன்றாம் வெள்ளிக்கிழமை மூன்று ஆசிரியர்கள் வரவில்லை. எனக்கும் பல் மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது. என் ஒன்பதாம் வகுப்புக்கு ஐந்தாம் பாடவேளையில் ஆள் வேண்டும். ஓய்வு வேளை இருந்த இரண்டு பேர் அறையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், ஒரு வாரத்துக்குக் குத்திக்காட்டுவார்கள். நான் சீட்டு டீச்சர் பெயரை எழுதினேன்.

மறந்துபோய் எழுதினேன் என்றுதான் பிறகு எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். எழுதும்போது எனக்கு ஞாபகம் வந்தது. பேனா நின்றது. பிறகு எழுதி முடித்தேன்.

அவர் சீட்டை வாங்கிப் படித்தார். வாயைத் திறந்தார். என்ன டீச்சர் என்று கேட்டேன், கொஞ்சம் அதட்டலாகவே. ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

என் ஒன்பதாம் வகுப்பு மாடியில் இருக்கிறது. ஜன்னலில் நின்றால் மைதானமும் கம்பமும் தெரியும். நடந்ததை என் பிள்ளைகளே சொன்னார்கள். பன்னிரண்டு மணிக்கு ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து வாசலில் நின்று, டீச்சர் வாங்க, நேரமாகிறது என்றாளாம். உங்கள் வகுப்பு டீச்சரைக் கேளுங்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். வகுப்பாசிரியை, எனக்கு வேறு வேலை இருக்கிறது, பெரியவர்கள் யாரும் கூட வராமல் வெயிலில் விட முடியாது என்று சொல்லிவிட்டார். சீட்டு டீச்சர் அன்றும் பாடம் நடத்தினார். முக்கோணங்களை வெட்டி ஒட்டுகிற ஏதோ ஒரு பாடம், மணி அடிப்பதற்குள் முடிந்தது. முப்பத்தைந்து நிமிடமும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாராம். உடம்பு சரியில்லையோ என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை தும்பை விட்டு வாலைப் பிடிக்கக் கிளம்பினேன். அந்த இரண்டு பேரில் ஒருவருக்குச் சீட்டை நீட்டி, முகத்தைத் தூக்கியதையும் பொறுத்துக்கொண்டு, சீட்டு டீச்சரை அனுப்பிவைத்தேன். நானும் கூடப் போனேன். பன்னிரண்டு பத்துக்கு நிழல் விழுந்தது. கடைசியாகப் பதித்த கல்லுக்கு ஒரு நகக்கண் அளவு உள்ளே தள்ளி நின்றது. நாற்பது பிள்ளைகளும் குனிந்து பார்த்தார்கள். நிழல் திரும்பிவிட்டது. நாங்கள் பார்க்காத வாரத்தில் கடைசிவரை போய்விட்டு, திரும்பியும் வந்துவிட்டது.

அந்த வாரக் கல்லை எங்கே வைப்பது என்று ஒரு பெண் அழுகிற குரலில் கேட்டாள். நான் முந்திக்கொண்டு, கணக்குப் போட்டால் இடம் கிடைத்துவிடும், நானே போட்டுத் தருகிறேன் என்றேன்.

"வேணாம்" என்றார் சீட்டு டீச்சர். "பாக்காததப் பாத்த மாதிரி வைக்கக் கூடாது. அந்த எடம் காலியாவே இருக்கட்டும்."

திரும்பி வரும்போது, பிள்ளைகள் முன்னால் போனதும், மறந்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தேன். அடுத்த வருடம் முழு வருடமும் அந்தப் பாடவேளையை ஒதுக்கித் தருவதாகவும் சொன்னேன். அடுத்த வருடம் இவர்கள் ஏழாம் வகுப்பு, அது வேறு பிள்ளைகள் என்றார். பிறகு நின்று என்னைப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

"நீங்க மறக்கல டீச்சர். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும். அதான் எழுதினீங்க."

சொல்லிவிட்டுப் பிள்ளைகள் பின்னால் நடந்தார். 

அதன் பிறகும் நாலு வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். காலையில் நீட்டினால் வாங்கிக்கொள்வார், கையெழுத்துப் போடுவார், வகுப்புக்குப் போவார். பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்து, நாளைக்கும் வருவீர்களா என்று கேட்பார்கள். சீட்டில் என்ன இருக்கிறதோ தெரியாது என்று சொல்லி நடந்துவிடுவார். பக்கத்திலேயே நான் நிற்பேன். என் பக்கம் திரும்பமாட்டார். அவர் என்னிடம் அதன் பிறகு எதையும் கேட்டதில்லை.