சம்பந்தி புகழ்ந்த துப்பாக்கி

ஆட்டுக்கறி ஆவி பறக்க வந்தும் ரபதானுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. கண்ணெல்லாம் எதிர்ச்சுவரில் இருந்தது. மாப்பிள்ளை முர்தசாலிக்கு அவரே செய்து கொடுத்த கைத்துப்பாக்கி அங்கே தொங்கியது. பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்கு முதல் விருந்துக்கு வந்திருக்கிறார்கள். சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளை மாடியேறி அதை முதல்முறையாகச் சுடவேண்டும், அதுதான் முறை.

ரபதானின் ஊரான கார்புக்கில் துப்பாக்கிக் குழல் அடிப்பார்கள், விசை செய்வார்கள். அதில் வெள்ளி பதிக்கும் வேலை பக்கத்து ஊர் குபாச்சிக்காரர்களுடையது. ரபதானும் ஆயுசு முழுக்க அந்த வரம்பைத் தாண்டியதில்லை. மகள் பரிஹானின் கல்யாணத் துப்பாக்கி என்றதும் ஆசை தலைக்கேறி, வெள்ளியையும் தானே பதிக்க உட்கார்ந்துவிட்டார். இரட்டை அளவு வெடிமருந்து போட்டுச் சுட்டுத் தேறிய குழல்தான். ஆனால் அதற்குப் பிறகு, மருந்து கிடக்கும் அடிப்பக்கத்தில் வெள்ளிக் கொடி வேலைப்பாட்டுக்குப் பள்ளம் வெட்டும்போது உளி வழுக்கி ஆழமாக இறங்கிவிட்டது. மறுநாள் கல்யாணம். வெள்ளியை அடித்து மூடினார். மறுபடி சுட்டுப் பார்க்கவில்லை. வெள்ளி கண்ணுக்கு அழகு, வெடியைத் தாங்குமா? தாங்காது என்று தெரிந்த மனுஷனுக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை.

"என்ன சம்பந்தி, எங்க வீட்டு ஆடு கெழடுன்னு நெனச்சுட்டீங்களா? தொடவே இல்லியே" என்றார் மாப்பிள்ளையின் அப்பா அபாகர்.

"ஆட்டுக்கு ஒரு குறையும் இல்ல. என் வயிறுதான் சரியில்ல."

முர்தசாலி எழுந்து துப்பாக்கியை இறக்கினான். "மாமா, மருந்த தாராளமா போடப்போறேன். சத்தம் உங்க ஊர் வரைக்கும் கேக்கணும்!"

ரபதான் வாயைத் திறந்தார். குழல் கெட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இத்தனை பெரியவர்களுக்கு முன்னால், ஒரு கார்புக்காரன் வாயால், அது வரவில்லை. வேறொன்று வந்தது.

"ஆகா, என்ன அழகான துப்பாக்கி! இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்ல!"

எல்லோரும் சாப்பாட்டை விட்டு நிமிர்ந்தார்கள். விருந்தாளி ஒரு பொருளைப் புகழ்ந்தால் வீட்டுக்காரன் அதைக் கொடுத்தே ஆகவேண்டும். விவரமுள்ளவர்கள் அடுத்தவர் வீட்டில் கூரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவது அதற்காகத்தான். இவரோ தான் கொடுத்த சீரைத் தானே புகழ்கிறார்!

முர்தசாலிக்கு முகம் சிவந்தது. இரண்டு கையாலும் நீட்டினான். "இது உங்களுக்குத்தான் மாமா."

"குடுத்த கையாலயே வாங்கிக்கிட்டாரு, கெட்டிக்காரரு" என்றார் அபாகர்.

"நல்லவேளை, பொண்ணு அழகா இருக்கான்னு சொல்லல. அவளையும் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருப்பாரு!" என்று யாரோ ஒரு போடு போட, வீடு சிரித்தது. வாசலருகே நின்ற பரிஹான் முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள் ரபதானின் மனைவி சாக்கினத்.

ரபதான் துப்பாக்கியையும் மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் வெளியேறி ஓடைப் பள்ளத்துக்கு இறங்கினார். மாப்பிள்ளை போடவிருந்த அளவுக்கு மருந்தை இடித்து அடைத்தார், குண்டு போட்டார், துப்பாக்கியைப் பாறை இடுக்கில் செருகினார். விசையில் கயிறு கட்டி, தள்ளிப்போய்ப் படுத்துக்கொண்டு இழுத்தார்.

அது துப்பாக்கிச் சத்தமே இல்லை. எழுந்து போய்ப் பார்த்தார். குழல் அடிப்பக்கத்தில் பிளந்து கிடந்தது. பிடி தனியாகத் தெறித்திருந்தது. பிடிக்கும் கை இருந்திருக்கவேண்டிய இடத்தில் பாறை வெள்ளையாகப் பெயர்ந்திருந்தது.

கீழே ஓடை இரைந்துகொண்டிருந்தது. துண்டுகளை அதில் எறிந்துவிட்டு வீடு போய்ச் சேரலாம். பேராசைக்காரன் என்ற பேர் நிற்கும், ஆனால் அவர் குழலின் பேர் கெடாது. அவர் எறியவில்லை. தலையிலிருந்த தோல்குல்லாவைக் கழற்றி, அதில் துண்டுகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டு மேடேறினார்.

சபைக்கு ஆண்பிள்ளை வெறுந்தலையோடு வருவதில்லை. அப்படி உள்ளே வந்தவரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. குல்லாவை நடுக்கம்பளத்தில் வைத்தார்.

"உளி தப்பிப்போச்சு. தெரிஞ்சேதான் வெள்ளி வெச்சு மூடிக் குடுத்தேன்."

அபாகர் ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்பவே சொல்லியிருக்கலாமே, சம்பந்தி?"

"சொல்லியிருக்கணும். நாக்கு எழும்பல."

மாமனார் முன்னால் புதுப்பெண் நாலடி கூட நடக்கமாட்டாள். பரிஹான் எல்லோரையும் தாண்டி வந்து, புருஷனின் வலது கையைப் பிடித்து, விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள். அப்பா பக்கம் அவள் திரும்பவே இல்லை.