மூன்றாவது படம்

பாரிஸுக்குப் புறப்பட இன்னும் நாற்பத்தொரு நாட்கள் இருக்கின்றன. அங்கே பதினாறு வருடமாக வாழும் என் மகள், பெட்டி இருபத்துமூன்று கிலோவைத் தாண்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். வெறும் பெட்டியையே இரண்டு முறை நிறுத்துப் பார்த்துவிட்டேன். நாலரைக் கிலோ. மீதியில் எதை வைப்பது, எதை விடுவது, குளிருக்குக் காலில் போட எத்தனை மேசு என்று யோசித்தே தூக்கம் போகிறது. தேயிலைத் தோட்ட ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் கொழுந்து நிறையை எழுதியவனுக்கு எண்ணாமல் இருக்கத் தெரியாது.

ஆனால் ஆசை ஒன்றுதான். அந்த ஊரில் நாற்காலியைத் தெருவைப் பார்த்துப் போட்டு, ஒரு சின்னக் கோப்பைக் காப்பியை ஒரு மணி நேரம் குடிப்பார்களாம், யாரும் எழுப்பமாட்டார்களாம். அப்படி ஒரு மணி நேரம் நான் உட்கார வேண்டும். இந்த ஆசை என் அத்தையிடமிருந்து எனக்குத் தொற்றியது.

நேற்று மாத்தளையில் படம் எடுக்கப் போயிருந்தேன்.

"விசாவுக்கு ரெண்டு போதும் அங்கிள்," என்றான் ஸ்டூடியோப் பையன்.

"மூணா குடுங்க தம்பி."

"மூணாவது எதுக்கு?"

அதற்குப் பதில் சொல்ல அறுபத்தேழு வருடம் பின்னால் போக வேண்டும்.

அப்போது எனக்கு வயது ஒன்பது. இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தின் வரிசை அறைகளில், ஒரே காம்பராவில் ஆறு பேர் இருந்தோம்: அப்பா, அம்மா, இரண்டு அக்காமார், நான், அப்பாவின் தங்கையான அத்தை. அத்தை பெரிய பங்களாவில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். துரை வெள்ளைக்காரர், துரைசாணி பிரான்சுக்காரி. அந்த இரண்டும் ஒன்றல்ல என்பதை அத்தை எங்களுக்கு ஓயாமல் விளக்குவாள். துரை குடிப்பது தேத்தண்ணி, துரைசாணி குடிப்பது காப்பி. துரை அவசரமாகத் தின்பார். துரைசாணி ஒரு வாழைப்பழத்தைக்கூடக் கத்தி, முள்ளுக்கரண்டி வைத்துப் பதினோரு துண்டாக்கி, ஜன்னல் வழியே மலையைப் பார்த்தபடி தின்பாள்.

துரைசாணி கொடுத்த பழைய சஞ்சிகைகளின் பக்கங்களைக் கூழ்ப் பசை தடவிச் சுவரில் ஒட்டினாள் அத்தை. மற்றக் காம்பராக்களின் சுவர்களில் சாமி இருந்தது. எங்கள் சுவரில் தொப்பி போட்ட பெண்கள் பதினான்கு பேர் இருந்தார்கள். அம்மா விளக்கு ஏற்றும்போது அவர்களையும் சேர்த்துக் கும்பிட வேண்டியதாயிற்று.

குழந்தையோடு ஊருக்குப் போகும்போது அத்தையையும் இரண்டு வருடத்துக்குக் கூட்டிப்போவதாகத் துரைசாணி சொன்னதும், எங்கள் காம்பராவுக்கே பிரான்சு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பகல் சாப்பாட்டை அத்தை மூன்று தவணையாகப் பிரித்தாள். முதலில் ரசம். அந்தத் தட்டை எடுத்துவிட்டு, கீரை மட்டும். அதன் பிறகு ரொட்டி. ஆறு பேருக்குப் பதினெட்டுத் தட்டு வேண்டும். எங்களிடம் இருந்தவை ஏழு.

"ஒரு ரொட்டி தின்ன மூணு தட்டா? பீலியில கொண்டுபோயி யாரு கழுவுறது, ஒன் துரைசாணியா?" என்றார் அப்பா.

"பேசாம சாப்புடுங்கண்ணே. அங்கயெல்லாம் சாப்புடுறப்ப சண்ட போடமாட்டாங்க."

"அப்ப எப்பத்தான் போடுவாங்க?" என்று அம்மா உண்மையான அக்கறையோடு கேட்டாள்.

சிரித்தாலும், ரசத்துக்கும் கீரைக்கும் நடுவில் சும்மா உட்கார்ந்திருந்த அந்தச் சில நிமிடங்கள் எனக்குப் பிடித்திருந்தன. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் சும்மா உட்கார்ந்ததில்லை.

பாஸ்போட்டுக்கு மூன்று படம் வேண்டும் என்றார்கள். அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் மாத்தளைக்குப் போனாள். துரைசாணி கொடுத்த நீலப் பட்டுத்துணியைக் கழுத்தில் கட்டியிருந்தாள். முடிச்சு நடுவில் இல்லை. இடப்பக்கம், தோளுக்கு நாலு விரல் கீழே. நடுவில் கட்டினால் மாட்டுக்குக் கட்டினது மாதிரி இருக்குமாம். படம் எடுத்தவருக்கு "மெர்சி" என்றாள். அப்படியென்றால் நன்றி என்று எனக்குச் சொன்னாள். அவருக்குச் சொல்லவில்லை.

படங்கள் வந்தன. மூன்றையும் பட்டுத்துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்தாள். மறுநாள் நான் அதில் ஒன்றை எடுத்து என் வாசிப்புப் புத்தகத்துக்குள் ஒளித்தேன். இரண்டு வருடம் என்றால் எழுநூற்று முப்பது நாள். அத்தனை நாளும் அத்தையின் முகத்தைப் பார்க்காமல் எப்படி இருப்பது?

அந்த வாரமே அப்பாவும் அத்தையும் பாஸ்போட் மனுவோடு அரசாங்கக் கச்சேரிக்குப் போனார்கள். பின்னேரம் திரும்பி வந்தார்கள். அம்மா வாசலுக்கே ஓடினாள்.

"என்னா சொன்னாங்க?"

அத்தை கழுத்திலிருந்த துணியை அவிழ்த்து மடித்தாள். "படம் ஒண்ணு கொறையுதாம் அண்ணி. அதனால ஏலாதுன்னுட்டாங்க."

அப்பா அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு மலைத் தண்ணீர் விழும் பீலிக்குக் கால் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அத்தை தனியாக இருந்தபோது படத்தை நீட்டினேன்.

"எங்கடா இருந்துச்சு?"

"என் பொஸ்தகத்துல. நாந்தான் எடுத்தேன். இப்ப மூணு இருக்கு அத்தை. இனிப் போகலாந்தானே?"

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அத்தை படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் கன்னத்தைத் தொட்டு, "மெர்சி தம்பி," என்றாள்.

தேயிலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் என்று, இலங்கை, இந்தியா எந்த நாட்டிலும் கணக்கில் சேராதவர்களாக எங்களை எழுதி வைத்திருந்தார்கள் என்பது, பிறகு பிரசாவுரிமைப் பத்திரத்துக்காக நானே வரிசையில் நின்றபோதுதான் விளங்கியது. முந்நூறு படம் கொடுத்திருந்தாலும் அவளுக்குப் பாஸ்போட் கிடைத்திராது. அந்தப் பத்திரம் என் கைக்கு வந்தபோது எனக்கு முப்பத்தொன்பது வயது. அத்தை அதற்கு முன்பே, படம் எடுத்து எண்ணிப் பதின்மூன்று வருடத்தில், கப்பல் ஏறிவிட்டாள். தலைமன்னாரிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். அவள் ஒருநாளும் பார்த்திராத இந்தியாவுக்கு, அவளுடைய ஊர் அதுதான் என்று அனுப்பினார்கள். போகும்போது அந்த மூன்றாவது படத்தை என்னிடமே தந்தாள். பெட்டியில் அதற்கு இடம் ஒதுக்கிவிட்டேன். பாரிஸில் நான் உட்காரப்போகும் மேசையில் இரண்டு காப்பி சொல்வேன்.

ஆனால் படத்தைத் திருப்பிக் கொடுத்த அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல், அத்தை கச்சேரிக்குக் கிளம்பினால் பெட்டியைத் தூக்கிக் கொடுக்கலாம் என்று வாசலில் காத்திருந்தேன். துரைசாணி ஊருக்குப் போகும் நாள் நெருங்கியிருந்தது. அத்தை வெளியே வந்தாள். முதுகில் கொழுந்துக்கூடை இருந்தது. என்னைத் தாண்டி, மலைக்குப் போகும் பெண்களோடு சேர்ந்து ஏறிப் போனாள்.

ஓடிப்போய்த் தகரப் பெட்டியைத் திறந்து பட்டுத்துணியை விரித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடி எண்ணினேன். மூன்றும் இருந்தன. பிறகும் ஏன் அத்தை மலைக்குப் போனாள் என்று யோசித்தபடி, துணியைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தேன்.