சந்தோஷத்துக்கு எந்தக் குழாய்?

ரத்தம் எடுக்கிற வேலையில் ஊசி குத்துவது ஒரு நிமிஷம். அதற்கப்புறம் 'பயப்படும்படி ஒண்ணும் இல்லையேம்மா?' என்று கேட்கிற கண்ணுக்குப் பதில் சொல்வதுதான் நாள் முழுக்க. என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் நானும் எங்கள் லேப் பெஞ்சில் உட்கார்ந்து அதையேதான் கேட்கிறேன். ரிசல்ட்டுக்குக் காத்திருந்து நகத்தைக் கடித்த உங்களுக்குத் தெரியாததா!

மறைத்து வைத்த இட்லி

கே.கே. நகரில் மாடியில் மனநல டாக்டரம்மா, கீழே எங்கள் லேப். ஸ்டெல்லா டீச்சர் பசுமலையில் கணக்கு டீச்சர். அவருக்குச் சில மாசம் மனசு கால் தரையில் படாமல் பறக்கும்; சில மாசம் எழுந்து பல் விளக்கக்கூடத் தெம்பு இருக்காது. போன தடவை பறந்தபோது, யாரிடமும் சொல்லாமல் வகுப்பு மொத்தத்தையும் பஸ் ஏற்றி அழகர்கோயிலுக்குக் குரங்கு பார்க்கக் கூட்டிப் போய்விட்டார். அன்றைக்கு விழுந்த லீவுதான், இன்னும் முடியவில்லை. இப்போது 'சீராக இருக்கிறார்' என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தால் திங்கட்கிழமை பள்ளிக்கூடம்.

மனசைச் சீராக வைக்க அவர் சாப்பிடும் லித்தியம் மாத்திரை ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கூடினால் விஷம், குறைந்தால் பிரயோஜனமில்லை. காலை மாத்திரை போடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டிய ரத்தம் அது. சர்க்கரை டெஸ்ட் மாதிரி நினைத்து டீச்சர் வெறும் வயிற்றோடு வந்திருந்தார்; மாத்திரையை மட்டும் மறக்காமல் முழுங்கியிருந்தார். "சாப்பிட்டுட்டே வரலாம் டீச்சர், மாத்திரையத்தான் போடக்கூடாது. நாளைக்கு வாங்க" என்றேன். கப்பலூரில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கும் அவர் வீட்டுக்காரர் சாமுவேல் சார் தலையில் கைவைத்தார். "நாலு இட்லிய ஒளிச்சு வச்சுட்டு வந்தேனேம்மா, மாத்திரைய ஒளிக்காம விட்டுட்டேனே!"

நடுக் குழாய்

மறுநாள் இன்னொரு வேலையும் இருந்தது. பறக்கும்போது, படுத்திருக்கும்போது, சீராக இருக்கும்போது ரத்தத்தில் ஏதாவது மாறுகிறதா என்று டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சிக்காக ரத்தம் சேகரிக்கிறார். டீச்சர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு, முதல் இரண்டு குழாய் ரத்தமும் எப்போதோ கொடுத்துவிட்டார். சீராக இருக்கும்போது எடுக்கிற நடுக் குழாய்தான் பாக்கி.

"நான் இப்ப நடுவுல இருக்கேன்னு யாரு சொல்றது?" என்றார் டீச்சர்.

"டாக்டரம்மா உங்ககிட்டப் பேசிப் பாத்துச் சொல்லுவாங்க. அப்புறந்தான் எடுப்போம்."

கணக்கு டீச்சராச்சே, விடுவாரா? "ரத்தத்தப் பாத்து என்னையக் கண்டுபிடிக்கப் போறோம்னு சொல்லிட்டு, என்னையப் பாத்து ரத்தத்துக்குப் பேரு வைக்கிறீகளா?"

பச்சை மூடி

அன்றைக்குக் கூட்டம். லித்தியத்துக்கான ரத்தத்தை எங்கள் லேப் முருகேசண்ணன்தான் எடுத்தார். ரிசல்ட் வந்தது. விஷ அளவு. விஷயம் தெரிந்ததும் சாமுவேல் சார், "கையக் காட்டு ஸ்டெல்லா, நடுங்குதா? நடந்து காட்டு, தள்ளாடுதா?" என்று வராந்தாவிலேயே பரீட்சை வைத்துவிட்டார். பயத்தில் டீச்சருக்குக் கை நிஜமாகவே நடுங்கியது. அதைப் பார்த்துச் சாருக்கு இன்னும் நடுங்கியது. திங்கட்கிழமை போனமாதிரிதான் என்று இரண்டு பேர் முகத்திலும் எழுதியிருந்தது.

அளவில் சந்தேகம் வந்து நானும் அண்ணனும் ஸ்டாண்டில் அந்தக் குழாயைத் தேடினோம். சிவப்பு மூடி இருக்க வேண்டிய இடத்தில் பச்சை மூடி! பச்சை மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க உள்ளே ஒரு மருந்து தடவியிருக்கும். அந்த மருந்திலேயே லித்தியம் உண்டு. அளந்தது டீச்சருடையதை மட்டுமல்ல, குழாயுடையதையும் சேர்த்து! அண்ணன் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டார். டீச்சர் அடுத்த கையை நீட்டினார். "குத்துங்கண்ணே. குழாய்க்குத்தான் சீக்கு முத்திப்போச்சு, எனக்கில்ல."

யார் தூங்கவில்லை?

இரண்டாவது ரிசல்ட் சரியான அளவில் வந்தது. டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சாமுவேல் சார் முகம் செத்துவிட்டது. என் பக்கம் குனிந்து, "இம்புட்டுச் சத்தமாச் சிரிக்கிறாளே. ரத்தத்துல பாத்துச் சொல்லும்மா, இது சந்தோஷமா, சீக்கா?" என்றார். அதற்கு எங்களிடம் மெஷின் இல்லையே! நல்லது கெட்டதுக்குச் சிரிக்கக்கூட ஒரு மனுஷி யோசிக்க வேண்டுமா? இரண்டு பேரையும் மாடிக்கு அனுப்பினேன், நடுக் குழாய்க்கான டப்பாவோடு நானும் ஏறினேன்.

டாக்டரம்மா டீச்சரிடம் நிதானமாகப் பேசினார். சமையல், பேச்சு, செலவு, கோபம், ஒன்று விடாமல் கேட்டார். கடைசியில், பறக்க ஆரம்பித்தால் முதலில் போவது தூக்கம்தான் என்பதால், சாரிடம் திரும்பி, "ராத்திரி எப்படித் தூங்குறாங்க?" என்றார்.

"அவ நல்லாத்தான் தூங்குறா டாக்டர். அவ தூங்குறாளான்னு பாத்துக்கிட்டு நாந்தான் தூங்குறதில்ல."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கடிதத்தை எழுதினார். திங்கட்கிழமை பள்ளிக்கூடம்! நான் டீச்சர் கையில் பட்டையைக் கட்டி, நடுக் குழாயை நிரப்பினேன். பஞ்சை அழுத்திப் பிடித்தபடி டீச்சர் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். "அடுத்த குழாய இவருக்கு எடும்மா. பறக்குறது நான், இறங்காம நிக்கிறது இவருதான்."

ரத்தம் என்ன சொல்கிறதோ, ஆராய்ச்சி முடிந்தால் தெரியும்; அதுவரைக்கும் எங்கள் லேப்பில் சத்தமாகச் சிரிக்கிறவர்களிடம், 'ராத்திரி தூங்குனீகளா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நானும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொள்கிறேன்.