இட்லி தின்ற பிறகு முடிந்த வேண்டுதல்

அன்று காலை பத்தரை மணிக்கு என் கால்கள் தளர்ந்தன. டைபாய்டிலிருந்து மீண்ட ஏழு வயது மகளைச் சுமந்துகொண்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், வேண்டுதலுக்காகத் தேவிபட்டினத்துக் கடலுக்குள் நிற்கும் நவக்கிரகக் கற்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். பாதியில் கண் இருட்டியது. பிள்ளை கைநழுவித் தண்ணீரில் மூழ்கிவிட்டாள். முடியைப் பற்றித் தூக்கினேன். இருமித் தண்ணீரைத் துப்பியவளைத் தோளில் போட்டுக்கொண்டேன்.

கரையேறி, அங்கே இட்லி விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் நேரே போய் உட்கார்ந்தேன்.

“ஏத்தா, விரதத்த முறிச்சா சாமி குத்தமாயிரும்!” என்று பதறினார் கரையில் காத்திருந்த மாமியார்.

“பிள்ளைய முங்க விட்டா மட்டும் குத்தமில்லையா அத்தே?” என்று கேட்டுவிட்டு வயிறாரத் தின்றேன். உடம்பில் தெம்பு ஏறியது. அன்று முதல் எந்த வேண்டுதலுக்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறேன்.

மிச்சச் சுற்றுக்கு நான் எழுந்தபோது, தேங்காய் வாங்கப் போயிருந்த கணவர் வந்தார். நடந்ததைக் கேட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

“பிள்ளைய எங்கிட்டக் குடு. நீ முன்னால நட, நான் பின்னாலயே வாரேன்.”