பதினெட்டாம் அத்தியாயத்தில் செத்துப்போனவர்

நாவல் எழுத வரும் இளையவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அச்சுக்கு முன் சரிபார்க்க அனுப்பும் புரூஃப் கைக்கு வந்தால் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். நான் முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அதனால் என் கதாநாயகன் செத்துப்போனது இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

இருபது ஆண்டுகள் சிங்கப்பூர் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் நாடகம் எழுதியவள் நான். அறுபதைத் தாண்டிய பிறகு எழுதிய முதல் நாவல் இது. ஐம்பத்தொன்பது வயது லீலாவும் அறுபத்துநான்கு வயது தாமோதரனும் காதலித்துப் பதிவுத் திருமணம் செய்துகொள்வதோடு கதை முடியும். புரூஃபில், பதிவுக்கு முந்தின நாள் தாமோதரனுக்கு மாரடைப்பு. லீலா மகன் வீட்டுக்குப் போய்ப் பேரனுக்குச் சோறு ஊட்டுகிறாள். அந்த அத்தியாயத்தில் ஒரு வரிகூட நான் எழுதியதல்ல.

1. ஜாலான் புசார் மாடி அறை

பதிப்பகம் ஜாலான் புசாரில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ஆங் மோ கியோவிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். எடிட்டர் குமரனுக்கு நாற்பது வயதிருக்கும். நிறையப் படித்தவர், மரியாதை தெரிந்தவர். அதனாலேயே எனக்குக் கோபம் கூடியது.

"யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

"கோவப்படாதீங்க அக்கா. எடிட்டிங்னா இதெல்லாம் இருக்கும்தானே. இந்த வயசுல கல்யாணம்னு முடிச்சா ரீடர்ஸ் சிரிப்பாங்க லா. தியாகம்னா கண்ணு கலங்குவாங்க."

"முப்பது வயசு ஜோடியா இருந்தா கொன்னிருப்பீங்களா?"

"அது வேற லா அக்கா."

"என்ன வேற?"

அவர் இழுப்பறையைத் திறந்து எதையோ தேடினார். என் எழுத்துப் பிரதி மேசைமேல் கிடந்தது. புரட்டினேன். ஹாக்கர் சென்டர் சாப்பாட்டுக் கடையில் தாமோதரன் லீலாவின் கையைப் பிடிக்கும் பத்தியைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் 'கொஞ்சம் ஓவர்' என்று எழுதியிருந்தார்கள். இரண்டு பேர் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் குடிக்கிறார்கள், ஒருவர் மற்றவர் கையைப் பிடிக்கிறார். இதில் ஓவர் எங்கே இருக்கிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

குமரன் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார். 'தேவையான திருத்தங்கள் செய்யப் பதிப்பகத்துக்கு உரிமை உண்டு' என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்து இருந்தது. படிக்காமல் போட்டது.

2. பிடோக்

கதை முழுக்க என் கற்பனை இல்லை. பிடோக்கில் இருக்கும் மேரி, ஓய்வுபெற்ற நர்ஸ், தன் வாழ்க்கையைச் சொல்லி எழுத அனுமதித்தவர். கணவர் இறந்து பதினோரு ஆண்டுகள் கழித்து, ரயில் பராமரிப்பு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சுந்தரத்தை மணந்துகொண்டார். மகன் அந்தத் திருமணத்துக்கு வரவில்லை, அதன் பிறகு வீட்டுக்கும் வரவில்லை.

"நான் சொன்னா கேக்க மாட்டான். புத்தகமா வந்தா ஒருவேளை படிப்பான்" என்றுதான் மேரி எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார். அச்சுக்குப் போகுமுன் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். காட்டினேன்.

படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "இவர கொன்னுட்டாங்களா?"

சமையலறையில் சுந்தரம் வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டது.

"என் பையன் இத படிச்சா என்ன நினைப்பான் தெரியுமா? அந்த ஆளு போயிட்டா அம்மா நம்மகிட்ட வந்துடுவாங்கன்னு நினைப்பான்."

புரூஃபை எடுத்துப் பையில் வைத்தேன். மறுநாள் மேரி, சுந்தரம், நான் மூன்று பேரும் பதிப்பகத்துக்குக் கிளம்பினோம்.

3. குமரனுக்கு எதிரே

சுந்தரம் குமரனுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். "தம்பி, பதினெட்டாவது சாப்டர்ல செத்தது நான்தான்."

குமரன் முகம் வெளுத்துவிட்டது. "சார், அது கதைக்காக..."

"கதைக்காகன்னாலும் நான் என்ன தப்பு பண்ணேன்?"

மேரி கேட்டார். "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?"

"ஆயிடுச்சு ஆண்டி."

"எத்தனை வயசோட நிறுத்திக்கணும்னு யாராவது வந்து உங்ககிட்ட சொன்னாங்களா?"

குமரன் புரூஃபைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் என் முடிவு திரும்ப வந்தது, கையைப் பிடிக்கும் பத்தியும் வந்தது. ஆனால் பின்னட்டையில் 'முதுமையில் ஓர் ஆறுதல்' என்று போட்டிருந்தார்கள். மேரியிடம் சொன்னேன். "ஆறுதலுக்கு எனக்கு டிவி இருக்கு. காதல்னு போடச் சொல்லுங்க" என்றார். ஒரு சொல்லுக்காக மூன்று முறை மின்னஞ்சல் எழுதினேன், மூன்றாவதுக்குத்தான் மாற்றினார்கள்.

மகனுக்கு மேரி ஒரு பிரதி அனுப்பினார். 'கிடைத்தது' என்று ஒரு வார்த்தை பதில் வந்தது. அதற்கு மேல் இன்னும் ஒன்றுமில்லை.

இப்போதெல்லாம் 'எழுதியவர் சம்மதமின்றி முடிவை மாற்றக் கூடாது' என்று ஒப்பந்தத்தில் சேர்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன். நீங்களும் அதைக் கேட்டு வாங்குங்கள். அதோடு வேலை முடிந்துவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். வெளியீட்டு நாளில், தேக்கா சந்தையிலிருந்து நேராக வந்த ஓர் அம்மா புத்தகத்தை வாங்கிக் கையெழுத்துக்காக என்னிடம் நீட்டினார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். மேலே எழுதப் பேர் கேட்டேன்.

"பேர் வேணாம்மா. மருமக பாத்தா கேலி பண்ணுவா."

கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுத்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, புத்தகத்தைக் கீரைக்கட்டுக்கு அடியில் வைத்துப் பையை மூடினார்.